மழை போகும் வழி

"கார் மேல பெய்யற மழை எல்லாம் எங்கப்பா போகுது?" என்று ஆறு வயதில் அவள் கேட்டாள். அப்பா அப்போதுதான் அந்த நீல நிறக் காரை வாங்கி வந்து கொட்டகையில் நிறுத்தியிருந்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் போகும் தடத்தில் ஒரு பல் மருத்துவரின் வீட்டு வாசலில், பாதி துருவும் பாதி தூசியுமாக அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெகுகாலம் கிடந்தது. மருத்துவர் ஊரை விட்டுப் போகும்போது, இரும்புக்கடைக்குப் போவதைவிட ஆசைப்பட்டவனிடம் போகட்டும் என்று சொற்ப விலைக்கு அப்பாவின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வண்டி. இருக்கைகள் இரண்டே இரண்டு. "தினமும் அறுபது பேரை ஏத்தி ஏத்தி அலுத்துப்போச்சு போல. மூணு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டி வாங்கிட்டு வந்திருக்கார்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகளின் கேள்வி அப்பாவைக் குளிர வைத்தது. அந்தக் காரைப் பற்றி விலையைத் தவிர வேறெதையும் யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு முன் கண்ணாடியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். பானெட் முடிந்து கண்ணாடி தொடங்கும் இடத்தில் ஒரு கம்பித்தட்டு. அதற்குக் கீழே குறுகலான ஒரு தொட்டி. தொட்டியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஓட்டை, ஓட்டையில் ரப்பர் குழாய். கண்ணாடியில் வழியும் மழை தொட்டிக்குள் விழுந்து, குழாய் வழியே இறங்கி, முன்சக்கரங்களுக்குப் பின்னால் தரையில் சேர்ந்துவிடும். "நம்ம மொட்டைமாடிக்குக் குழாய் இருக்கில்ல, அதே மாதிரிதான். ஆனா இலை மட்டும் உள்ள போயிடக் கூடாது பாப்பா. இலை போச்சுன்னா அடைச்சுக்கும். அடைச்சுக்கிட்டா தண்ணி காருக்குள்ள வந்துடும்" என்றார். கொட்டகைக் கூரை காரின் பின்பாதி வரைதான் வரும்; முன்பக்கம் வெட்டவெளியில் நிற்கும். பக்கத்தில் பெரிய மரம் ஒன்று இருந்தது. அது வருஷம் முழுவதும் இலை உதிர்க்கும். குழந்தை மரத்தைப் பார்த்தாள், ஓட்டைகளைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

அந்தக் கேள்வி அவளை விடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். படித்து முடித்து அவள் சேர்ந்தது நகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவில். எந்தத் தெருவில் தண்ணீர் நின்றாலும் அவளுக்குத்தான் தொலைபேசி வரும். "ஊர் அடைப்பு எல்லாம் எடுக்கறா. எங்க வீட்டு பாத்ரூம் அடைப்பை எடுக்க மட்டும் நேரமில்ல" என்பது அம்மாவின் நிரந்தரக் குறை.

கார் மட்டும் ஓடவில்லை. வாங்கிய புதிதில் அதன் முன் கண்ணாடியைப் பொருத்தியவர் அப்பாவின் தம்பி, அவளுடைய சித்தப்பா. பேருந்துப் பணிமனையில் கண்ணாடி பொருத்துவதுதான் அவர் வேலை. கண்ணாடியைச் சுற்றிவரும் ரப்பர் பீடிங்கைத் தகரத்தின் விளிம்பில் ஏற்றி, கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வருவார். அழுத்தி அழுத்தி அந்த விரல் தட்டையாக, கரண்டியின் அடிப்பாகம் போல ஆகியிருந்தது. எதையும் அதனால்தான் தொட்டுப் பார்ப்பார், குழந்தையின் கன்னத்தைக்கூட. அவர் பொருத்திய கண்ணாடியில் ஒரு சொட்டும் இறங்காது என்று பணிமனையில் பேர் இருந்தது.

அப்பாவின் காரில் இறங்கியது. முதல் மழையிலேயே டாஷ்போர்டுக்கு அடியில் தண்ணீர் வழிந்து, காலடியில் குளமாக நின்றது. சித்தப்பா வந்து கண்ணாடியைக் கழற்றி, பீடிங்கை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். அடுத்த மழையில் இடதுபக்கம் மறுபடியும் குளம். இந்த முறை மின்கம்பிகள் நனைந்து புகைந்தன. மாதக்கணக்கில் விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து அப்பா சரிசெய்தது எல்லாம் ஒரே ராத்திரியில் போனது. அன்றைக்கு வீடு நிறைய உறவினர்கள். அத்தனை பேர் முன்னாலும் அப்பா கத்தினார்: "நீ ஒட்டினா ஒழுகும்டா. உனக்கு ஒழுகல்னுதான் பேர் வைக்கணும்."

கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. பேர் போகவில்லை. அதுவும் பிரியமாகவே தங்கிவிட்டது, அதுதான் கொடுமை. வீட்டில் டம்ளர் கவிழ்ந்தால், "ஒழுகல் சித்தப்பா தொட்டாரா?" என்பார்கள். யார் வீட்டுக் குழந்தையாவது மடியில் ஈரமாக்கினால், "இதையும் அவர்தான் ஒட்டினாராம்" என்பார்கள். சித்தப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். "என் கை பட்டா கல்லும் கசியும்" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். ஆனால் அந்த வருஷமே பணிமனையில் கண்ணாடி வேலையை விட்டுவிட்டு, சோபாவுக்கு உறை தைக்கும் கடை வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், "சோபாவுல மழை பெய்யாது பாரு" என்பார். அதற்கும் சிரித்தார்கள். கார் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கப் போனது.

அப்பா பணி ஓய்வு பெற்ற பிறகு தார்ப்பாயை விலக்கினார். தரைத் தகரத்தை வெட்டிப் புதிது வைத்து, மின்கம்பிகளை மாற்றி, இஞ்சினைப் பிரித்துப் பூட்டி, ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தார். தன்னுடைய விடுமுறை நாட்களில் அவளும் வந்து சேர்ந்துகொள்வாள். வேலையைத் தொடங்கும் முன் அப்பா ஒவ்வொரு நாளும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பார். முப்பது வருஷம் பேருந்தின் ஸ்டீயரிங்கில் வைத்த பிரார்த்தனை அது. "கடவுளே, என் கையால யாருக்கும் கெடுதல் வராம பாத்துக்கோ." வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கூலன்ட் வேலை. இஞ்சினின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓடுகிற பாதை முழுவதையும் பார்த்தாக வேண்டும். ரேடியேட்டரின் அடியில் இருந்த திருகைத் திறந்ததும் டீத்தண்ணீர் நிறத்தில் துருநீர் கொட்டியது. தெளிவாக வரும்வரை குழாய்த் தண்ணீரை விட்டுக் கழுவினார்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கட்டைபோல் இறுகிப்போனவை ஒருபக்கம், பஞ்சுபோல் அமுங்குபவை ஒருபக்கம், இரண்டுமே ஆகாது. இணைப்புகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அங்கே எப்போதோ கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்பா அந்த இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தார். "உங்க ஆஸ்பத்திரி எப்ப முடியும்? சாப்பாடு ஆறுது" என்று அம்மா இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

மதியம் சித்தப்பா தன் வண்டியில் இரண்டு இருக்கைகளையும் கொண்டுவந்தார். கருப்பு நிறத்தில் புது உறை, ஓரங்களில் நீலத் தையல். அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "உக்காந்தா கீழ ஒழுகாதே?" என்று கேட்டார். "பஞ்சுதான் அண்ணே வச்சிருக்கேன். எவ்வளவு ஒழுகினாலும் உறிஞ்சிக்கும்" என்றார் சித்தப்பா. வாசலில் நின்ற அம்மா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு முடிந்த பிறகு சித்தப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். இஞ்சினைக் குனிந்து பார்த்தார், புதுத் தரையைக் கால் வைத்து அழுத்திப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். முன் கண்ணாடிக்கு அருகே வந்தபோது மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அதை அன்றைக்குத்தான் கவனித்தாள். அதற்கு முன்பும் அவர் அப்படித்தான் நின்றிருப்பார்.

"நாளைக்குக் கண்ணாடிக்கு ஆள் வருது. பழைய பீடிங்கை வெட்டி எடுத்துட்டுப் புதுசு போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார் அப்பா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"நல்லது அண்ணே. நல்ல ஆளா பாத்துப் போடு. அப்படியே தண்ணி போற வழியையும் ஒருதரம் பாத்துடு" என்றார் சித்தப்பா. சாப்பிட்டுப் போகச் சொன்னதற்குக் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

பிறகு ஹீட்டர் பெட்டியைக் கழற்றினார்கள். டாஷ்போர்டுக்கு அடியில், இடதுபக்கம், கை நுழையாத இடத்தில் அது இருந்தது. இஞ்சினின் வெந்நீர் அதற்குள் ஒரு சின்ன ரேடியேட்டரில் சுற்றிவரும். அதில் ஓட்டை விழுந்தாலும் காலடி நனையும். அந்தக் காலத்தில் அதைக் கழற்றிப் பார்க்க அப்பாவுக்குப் பொறுமை இல்லை. இப்போது அதன் ஒரு வாயை ரப்பரால் அடைத்து, மறுவாயில் சைக்கிள் பம்பைப் பொருத்தி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திக் காற்றடித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. "இது நல்லாத்தான் இருக்கு. அப்ப அன்னைக்கு இது ஒழுகல" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். ஹீட்டரின் மேல் பழி விழுந்தால் நன்றாயிருக்கும் என்று உள்ளுக்குள் அவர் நினைத்திருந்தாரோ என்னவோ.

பெட்டி இருந்த இடம் இப்போது காலியாக இருந்தது. சித்தப்பா சொன்னது நினைவுக்கு வந்து, அவள் டார்ச்சுடன் மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தாள். வலதுபக்கக் குழாய் நேராக இறங்குவது. மேலிருந்து பார்த்தாலே அடிவரை வெளிச்சம் தெரியும். இடதுபக்கத்தில் ஹீட்டர் பெட்டி இருந்ததால் குழாயை அதைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். மேலே வாய் சுத்தமாகத்தான் இருந்தது. வளைவில் கையை வைத்து அழுத்தினாள். ரப்பர் அமுங்கவில்லை. ஊரின் வடிகால்களில் இப்படி எத்தனையோ வளைவுகளை அவள் பார்த்திருக்கிறாள். அடைப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத திருப்பத்தில்தான் உட்கார்ந்திருக்கும். குழாயைக் கழற்றி எடுத்து, கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தாள்.

முதலில் கறுப்புச் சேறு வந்தது. அதற்குப் பின்னால், பெரிய நெல்லிக்காய் அளவில், நீல நிறத்தில் ஓர் உருண்டை.

துணியால் துடைத்தாள். குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண். தண்ணீரில் கரையாதது, எண்ணெய்ப் பிசுக்குள்ளது. காரின் நீலமும் அதன் நீலமும் ஒன்று. ஒரு பக்கத்தில், ஒரு குழந்தையின் கட்டைவிரல் அழுந்திய தடம், ரேகை முதற்கொண்டு அப்படியே இருந்தது. அவள் தன் விரலை அதன் மேல் வைத்தாள். பொருந்தவில்லை. இனி பொருந்தாது.

கொட்டகையின் தரையில் மல்லாந்து கிடந்தபடியே அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. இலை உள்ளே போகக் கூடாது என்று அப்பா சொன்ன அன்றைக்கே அவள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டாள். முக்காலியைத் தூக்கிவந்து போட்டு, ஏறி நின்று, கம்பித்தட்டின் இடுக்கு வழியாக இரண்டு ஓட்டைகளையும் அழகாக மூடினாள். கார் நீலம் என்பதால் நீலக் களிமண். அப்பாவுக்கு உதவி செய்துவிட்டோம் என்று அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினாள். இலை நுழையாதபடி அடைத்தால் மழையும் நுழையாது என்பது ஆறு வயதுக்கு எட்டவில்லை. வெயிலில் இளகிய இடதுபக்கத்து உருண்டை குழாயில் வழுக்கி இறங்கி, வளைவில் போய் உட்கார்ந்திருக்கிறது. வலதுபக்கத்து உருண்டை இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

அதை எடுத்தவர் யார் என்பதும் நினைவுக்கு வந்தது. முதல் மழைக்குப் பிறகு சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிய நாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். சித்தப்பா வேலையை நிறுத்திவிட்டு வந்து அவள் முன்னால் குந்தினார். அவள் கையைப் பிரித்து, அந்தக் களிமண் உருண்டையை வைத்து மூடினார். "இலை விழாம இனிமே நான் பாத்துக்கறேன் பாப்பா. நீ இதை வச்சு ஏதாவது பொம்மை செய். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், என்ன?" என்றார். தட்டையான அந்தக் கட்டைவிரலால் கன்னத்தைத் தொட்டார். அவர் ஒன்றைத்தான் கொடுத்தார். இன்னொன்று எங்கே என்று அவள் கேட்கவில்லை. அது காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றோடு முடிந்தது என்று அவர் நினைத்திருப்பார். இடதுபக்கத்து வாய் சுத்தமாகத் தெரிந்திருக்கும். முதல் மழையின் பழியைத் தெரிந்தே சுமந்தார். இரண்டாவது மழையில் ஒழுகியபோதுதான் அவருக்கே தன் கையின் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடைப்பை எடுத்த பிறகும் ஒழுகுகிறதென்றால் குற்றம் விரலில்தானே.

கடவுள் சில உண்மைகளை வெளியே எடுக்க அவசரப்படுவதில்லை. ஒரு ரப்பர் குழாயின் வளைவில்கூட, ரேகை அழியாமல் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார். எடுக்கிறவரின் கை அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அவள் வெளியே வந்து, உருண்டையை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, முதலிலிருந்து சொன்னாள். அப்பா பாதி கேட்கும்போது சிரித்தார். "அடிப்பாவி, ஊர் அடைப்பெல்லாம் எடுக்கறவ, முதல் அடைப்பை எங்கிட்டதான் வச்சியா" என்றார். சித்தப்பா உருண்டையைத் திருப்பிக் கொடுத்த இடத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. பக்கத்தில் கிடந்த புது இருக்கையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அந்தச் சின்னக் கட்டைவிரல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல அவன்?" என்றார். பிறகு அவரே, "அன்னைக்கு நான் இருந்த கோவத்துக்கு உன்னை அடிச்சிருப்பேன். அவனுக்குத் தெரியும்" என்றார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று மட்டும் சொன்னாள். அவளும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தவள்தான்.

ஆனால் இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. குழாய் அடைத்திருந்தது உண்மை. அதனால் கண்ணாடி ஒழுகவில்லை என்று ஆகிவிடாது. இரண்டுமே இருந்திருக்கலாம். நாளைக் காலையில் ஆள் வந்து பழைய பீடிங்கை வெட்டிவிட்டால் பிறகு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அப்பா எழுந்தார். குழாயைக் கழுவி மறுபடி மாட்டினார்கள். தூங்கிக் கிடந்த காலமெல்லாம் வெயில் படாததால் பீடிங்கின் ரப்பர் இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துவரச் சொல்லி, கண்ணாடியின் உள்விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடாகத் தூவினார். ஒரு துளி இறங்கினாலும் பவுடரில் தடம் தெரிந்துவிடும். புதுத் தரையின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டார். உள்ளே அவர் கண்ணை மூடியிருந்ததை வெளியிலிருந்து அவள் பார்த்தாள். என்ன வேண்டினார் என்று தெரியாது. ஒழுகக் கூடாது என்றா, ஒழுகிவிட்டால் தன் மனது லேசாகும் என்றா.

அவள் தோட்டக் குழாயைத் திறந்தாள். முதலில் கூரையில் விட்டாள். பிறகு கண்ணாடியின் மேல்விளிம்பில், பக்கங்களில், கடைசியாக அடிவிளிம்பில் நெடுநேரம். தண்ணீர் கண்ணாடியில் விரிந்து இறங்கித் தொட்டிக்குள் மறைந்தது. கொஞ்சம் தாமதித்து, முன்சக்கரங்களுக்குப் பின்னால், வலதுபக்கம் ஒன்றும் இடதுபக்கம் ஒன்றுமாக, இரண்டு நீர்க்கோடுகள் தரையில் இறங்கின. இடதுபக்கத்துக் கோடு முதலில் கொஞ்சம் கறுப்பாக வந்து, பிறகு தெளிந்தது. கேள்வி கேட்ட குழந்தைக்கு அன்றைக்குத்தான் முழு விடையும் கிடைத்தது.

அப்பா உடனே கதவைத் திறக்கவில்லை. அவள் குழாயை நிறுத்திய பிறகும் உள்ளேயே இருந்தார். இறங்கி வந்தபோது சட்டை காய்ந்திருந்தது, கண் காய்ந்திருக்கவில்லை. "ஒரு புள்ளிகூட விழல" என்றார். நேராக வீட்டுக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார். கண்ணாடிக்கு வரவேண்டிய ஆளிடம் அவர் பேசியது கொட்டகை வரைக்கும் கேட்டது. "வர வேண்டாம்பா. ஏற்கனவே நல்ல ஆள்தான் பொருத்தியிருக்கான்."

சாப்பிடும்போது அவள், தானே போய்ச் சித்தப்பாவிடம் சொல்கிறேன் என்றாள். தவறு தன்னுடையது அல்லவா. அப்பா தலையை அசைத்தார். "உன்னுது தவறு இல்ல பாப்பா. ஆறு வயசுல நீ நல்லதுதான் நினைச்ச. பேர் வச்சது நான்."

"பேர் வச்சது எல்லார் முன்னாடியும். சொல்றது மட்டும் தனியாவா?" என்று அம்மா கேட்டாள். கேட்டது நியாயம்தான்.

"எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன். இனிமே இந்த வீட்டுல யார் வாய்லயும் அந்தப் பேர் வரக் கூடாது. ஆனா முதல்ல நான் தனியாப் போகணும். ஆளுங்க இருந்தா அவன் என்னைக் காப்பாத்தறதுக்குன்னே ஒரு ஜோக் அடிச்சுச் சிரிச்சுடுவான். நானும் சிரிச்சுட்டு வந்துடுவேன்" என்றார் அப்பா. அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

மீதி வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. புது ஹோஸ்கள் ஏறின. தண்ணீர் பம்ப் பழுதானால் கசிகிற, அதன் அடியில் இருக்கும் சின்னத் துளையில் ஈரம் இல்லை என்று அப்பா விரலை வைத்து வைத்துப் பார்த்தார். கூலன்ட்டை ஊற்றி, மேலே உள்ள திருகைத் தளர்த்தி, அடைபட்டிருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறும்வரை காத்திருந்தார்கள். காற்று உள்ளே நின்றுவிட்டால் எவ்வளவு தண்ணீர் இருந்தும் இஞ்சின் சூடாகும். மனுஷனும் அப்படித்தான் என்று அப்பா சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை.  பெயின்ட் டப்பா, துடைக்கும் துணி எல்லாவற்றையும் வைக்கும் அலமாரியில், ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடிக்குள் அந்த நீல உருண்டையை வைத்திருந்தார். வேலைக்கு நடுவே போய் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

வண்டியின் பதிவைப் புதுப்பித்து, சோதனைகளும் முடிந்து, கார் தெருவில் இறங்கலாம் என்று ஆன பிறகும் அவர் அதை எடுக்கவில்லை. வெயில் அடித்த நாட்களெல்லாம் சும்மா போயின. எதற்காகக் காத்திருக்கிறார் என்று அம்மா கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வலுத்ததும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு சாவியை எடுத்தார். அவர் கிளம்பும் முன் அவள் கொட்டகைக்குப் போய், கண்ணாடியின் உள்விளிம்பில் பழைய பவுடரைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு தூவி வைத்தாள். அப்பா உள்ளே உட்கார்ந்ததும் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பானெட்டைத் தொட மறந்துவிட்டோமே என்பதுபோல மறுபடி இறங்கி, மழையில் நனைந்தபடியே உள்ளங்கையை வைத்து நின்றார். பிறகு கிளம்பினார். முதன்முறையாக அந்தக் கார் தெருமுனையைத் தாண்டித் திரும்பியதை அம்மாவும் மகளும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அலமாரியில் டப்பா மூடி காலியாக இருந்தது.

மழை விட்ட பிறகுதான் திரும்பி வந்தார். "சூடு ஏறவே இல்ல. சூடு காட்டற முள்ளு நடுவுலயே நின்னுது" என்றார். ஹோஸ் இணைப்பு ஒன்றிலும் கசிவு இல்லை என்றார். "சாப்பிட்டீங்களா?" என்று அம்மா கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அப்பா குழாயடிக்குப் போய், அழுக்கே இல்லாத கைகளை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அவள் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். இரண்டு முன்சக்கரங்களுக்குப் பின்னாலும் மிச்ச மழை சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தாள். பவுடர் கோட்டின் இடது மூலையில், யாரோ வெகுநேரம் விரலை எடுக்காமல் வைத்திருந்ததுபோல, ஒரு வட்டம் அழுந்தியிருந்தது. அங்கிருந்து, கரண்டியின் அடிப்பாகம் போல அகலமான ஒரு தடம், எங்கும் தூக்காமல், எங்கும் நனையாமல், கண்ணாடியின் மறுமூலை வரைக்கும் போயிருந்தது. அவள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.